பனம்பாத்தியும் பட்டமும் ஒரு நாட் பயணமும்

“ஊருக்குப் போன பிறகு பார்ப்போம்.” இடம்பெயர்ந்த வாழ்வில் நாம் அடிக்கடி சொல்லிவந்த வார்த்தை இது. பிள்ளை முற்றத்தில் ஊஞ்சல் கேட்டால், ஊருக்குப் போன பிறகு. கடல் பார்க்கக் கேட்டால், அதுவும் ஊருக்குப் போன பிறகு. 1990இல் வலிகாமம் வடக்கைவிட்டு வெளியேறியவர்களும், அதே ஆண்டு அக்டோபரில் வடபகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் போன முஸ்லிம் குடும்பங்களும், 1995 அக்டோபர் 30இல் தென்மராட்சியை நோக்கி நடந்தவர்களும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் இடத்துக்கிடம் அலைந்தவர்களும் இப்படித்தான் நாட்களைத் தள்ளிவைத்தோம்.

ஆனால் பிள்ளைகள் எமக்காகக் காத்திருந்து வளர்வதில்லை. கொட்டிலில் பிறந்த பிள்ளை கொட்டில் வாசலிலேயே சைக்கிள் ஓடப் பழகி, அங்கிருந்தே பள்ளிக்கூடம் போய் முடித்து, அங்கிருந்தே கலியாணமாகிப் போனதையும் கண்டோம். அந்தப் பிள்ளைக்கு அதுதான் சிறுபராயம். வேறொன்று பிறகு வராது.

இதில் இன்னுமொரு இழப்பும் உண்டு. தகப்பன் மண்வெட்டி பிடித்ததை ஒருநாளும் காணாத பிள்ளைக்கு, அவர் நிவாரணத்துக்கும் கூலி வேலைக்கும் வரிசையில் நிற்கும் ஒருவராகவே தெரிவார். பத்துப் பரப்புத் தோட்டத்தை நடத்திய கை அது என்று வாயால் சொன்னால் பிள்ளைக்கு விளங்காது. கூட இருந்து ஒரு வேலை செய்தால் விளங்கும். ஆகவே, பணமும் சொந்தக் காணியும் இல்லாமலே ஒரு குடும்பம் சேர்ந்து செய்யக்கூடிய சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

விழுந்த பழத்தில் தொடங்கும் வேலை

ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். விடியமுன் பிள்ளைகளை எழுப்பி, காணிக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்த வளவுக்குள் பழம் பொறுக்கப் போவதே முதல் மகிழ்ச்சி. ஒன்றை மறக்கவேண்டாம்: கண்ணிவெடி அகற்றி முடியாத பற்றைக் காணிக்குள் கால் வைக்கக் கூடாது. இன்னதென்று தெரியாத இரும்புப் பொருள் எதையும் பிள்ளைகளைத் தொட விடக்கூடாது.

கொண்டுவந்த பழத்தைப் பிசைந்து களி எடுத்தால் அன்று பின்னேரம் பனங்காய்ப் பணியாரம். மிஞ்சிய களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்தால் பினாட்டு. மிஞ்சும் கொட்டைகளை எறிந்துவிடாமல் பாத்தி போடுங்கள். ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். நாற்பது, ஐம்பது பழமிருந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதிய பாத்தி போடலாம்.

பாத்திக்கு ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் போதும். நிலத்தைக் கொத்தி மண்ணைக் குவித்து உயர்த்த வேண்டும். மண் இறுகியிருந்தால் கிழங்கு கோணலாகிக் கட்டையாக நின்றுவிடும். மண் பொருபொருவென்று ஆழமாக இருந்தால் நேராக இறங்கும். கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மேலே மண் போட்டு மூடிவிட்டால், மீதியை ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்துக்கொள்ளும். வெள்ளம் நின்றால் கொட்டை அழுகும் என்பதால் சுற்றிவர ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிட வேண்டும். எங்கே வெட்டுவது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத் தகப்பனோ பேரனோ பிள்ளைக்குக் காட்டிக் கொடுக்கட்டும். அந்த அரை மணித்தியாலத்தில் அவர் மறுபடியும் கமக்காரர்.

மார்கழி, தையில் பாத்தி கிண்டும் நாள் வரும். கிழங்கை முறியாமல் எடுப்பது பெரியவர்களின் வேலை. கொட்டையைப் பிளந்து உள்ளிருக்கும் பூரானைத் தின்பது பிள்ளைகளின் வேலை. அவித்த கிழங்கை நார் உரித்து, மிளகும் உள்ளியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து இடித்து உருட்டலாம். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அதை மாவாக்கினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பம் முழுவதும் கூடிக் கூழ் குடிக்கலாம். மாவைத் தண்ணீரில் ஊறவைத்துத் தெளிந்த நீரை வடித்தால் கைப்பு நீங்கும். பலா இலையைக் கோலி ஈர்க்கால் குத்தும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

வாடைக்காற்றும் பட்டமும்

மார்கழி, தையில் வாடைக்காற்று வீசும்போது பட்டம் கட்டலாம். சின்னப் பிள்ளைக்கு ஈர்க்கும் பழைய தாளும் சோற்றுப் பசையும் போதும். பெரிய பிள்ளைக்கு மூங்கில் சீவி, முச்சை கட்டி, விண் பூட்டிக் கொடுக்கலாம். விண் கூவும் சத்தம் கேட்டு அயல்கொட்டில்காரரும் வெளியே வருவார்கள். முச்சை பிழைத்தால் பட்டம் குத்தும். எங்கே பிழைத்தது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். உடனே கையிலிருந்து பறித்துத் திருத்தவேண்டாம். மின்கம்பி இல்லாத வெளியில் மட்டும் ஏற்றுங்கள்.

இல்லாமையிலும் செய்துகொள்ளும் பழக்கம் எமக்குப் புதிதல்ல. 1990களில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்துப் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். அந்தக் கதைகளையும் பட்டம் கட்டும் நேரத்தில் சொல்லலாம்.

காலையில் போய் மாலையில் வருவது

வருடத்தில் ஒரு தரமாவது ஒரு நாட் பயணம் போகவேண்டும். பஸ் காசும் ஒரு பொதி கட்டுச்சோறும் இருந்தால் போதும். யாழ்ப்பாணப் பக்கத்தில் இருப்பவர்கள் கீரிமலைக்குப் போகலாம். கடலுக்கு அருகிலேயே நன்னீர் ஊறும் அதிசயத்தைப் பிள்ளைகள் நீந்தி அறிவார்கள். கிளிநொச்சிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இரணைமடு இருக்கிறது. வடக்கின் மிகப் பெரிய குளம் அது.

குளக்கட்டில் நின்று வெறுமனே பார்த்துவிட்டு வரவேண்டாம். துருசு எது, வான் பாய்வது எப்படி, வாய்க்கால் எங்கே பிரிகிறது, காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் தண்ணீர்க் கணக்கு எப்படி மாறுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கேட்கக் கேட்கப் பிள்ளைகள் தகப்பனைப் பார்க்கும் பார்வை மாறும். தாய்மாரும் சொல்லட்டும். நாற்று நட்டதும் களை பிடுங்கியதும் நெல் அவித்ததும் அவர்கள் கைதானே. அன்றைய நாளில் மட்டும் கடன், காணி, படிவம் பற்றிய கதையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

பத்துக் கொட்டையை விட்டுவிடுங்கள்

காணி திரும்பக் கிடைத்தவர்கள் உண்டு. இன்னும் கிடைக்காதவர்களும் உண்டு. இரு பகுதியினருக்கும் ஒரு வேண்டுகோள். பாத்தி கிண்டும்போது எல்லாக் கிழங்கையும் எடுத்துவிடாதீர்கள். பத்துக் கொட்டையாவது மண்ணில் நிற்கட்டும். சொந்தக் காணியுள்ளவர்கள் ஆரம்பத்திலேயே வேலியோரமாகப் புதையுங்கள். மற்றவர்கள் காணிக்காரரின் அனுமதியோடு விடுங்கள். அவை வடலியாகும். போரில் செல்லடிக்கும் பதுங்குகுழிக்கும் எமது பனைகள் எத்தனையோ போய்விட்டன.

வடலி வளர்ந்து காய்க்க 15, 20 வருடம் செல்லும். அதுவரை நாம் இங்கே இருக்கப்போகிறோமா என்று யாரும் கேட்கக்கூடும். இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தப் பழம் ஒரு விடியற்காலையில் விழும். பொறுக்க ஒரு பிள்ளை வரும்.