விரலுக்கு விடை சொல்லும் பொத்தான்

பிளாக்பெர்ரி கிளாசிக் என்ற போன் 2014 டிசம்பரில் வந்தது. அதன் மென்பொருளுக்கான சேவைகளை 2022 ஜனவரி 4ஆம் தேதி நிறுவனமே நிறுத்திவிட்டது. அன்று முதல் அந்தப் போனில் அழைப்பும் குறுஞ்செய்தியும்கூட ஒழுங்காக வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2025இல் ஜின்வா என்ற சிறிய சீன நிறுவனம், அதே கிளாசிக்கின் உள்ளே இருந்த மதர்போர்டைக் கழற்றிவிட்டு, ஆண்ட்ராய்டு ஓடும் புதிய போர்டைப் பொருத்தி விற்க முன்வந்தது. மூளையும் நினைவகமும் மென்பொருளும் புதியவை. உடலும் சதுரத் திரையும் அதன் கீழே நான்கு வரிசையாக அமைந்த கீபோர்டும் பழையவை. பத்தாண்டுப் பழைய திரைக்காக யாரும் காசு கொடுப்பதில்லை. அவர்கள் வாங்குவது அந்தக் கீபோர்டை.

பழம்பொருள் மோகம் என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். அப்படியானால் புதிதாகச் செய்யப்படும் போன்களை என்ன சொல்வது? ஷாங்காயைச் சேர்ந்த யூனிஹெர்ட்ஸ் நிறுவனம் டைட்டன் என்ற பெயரில் கீபோர்டு போன்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டு வருகிறது. அவற்றுக்கான பணத்தில் ஒரு பகுதி, பொருள் கைக்கு வரும் முன்பே வாங்குபவர்கள் முன்வந்து கட்டியது. லண்டனில் எஃப்எக்ஸ்டெக் என்ற நிறுவனம் 2019இல் திரைக்கு அடியிலிருந்து கீபோர்டு வெளியே நகரும் போனைக் கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் கிளிக்ஸ் என்ற உறை ஐபோனுக்காக அறிவிக்கப்பட்டது. போனை அதில் செருகினால் கீழே ஒரு கீபோர்டு முளைக்கிறது. இதை வாங்குகிறவர்கள் கையில் ஏற்கெனவே நல்ல தொடுதிரை இருக்கிறது. அது போதாமல்தான் பொத்தான்களைத் தேடிப் போகிறார்கள். உலக விற்பனையில் இவர்கள் ஒரு துளி. ஆனாலும் இவர்கள் கேட்பது நியாயமான ஒன்று என்பதே என் கருத்து. அழுத்தியது அழுந்தியதா என்ற கேள்விக்கு, கண்ணைக் கூப்பிடாமல் விரலுக்கே ஒரு விடை கிடைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

கண்ணாடித் திரையில் எழுத்தை அடிக்கும்போது நடப்பது என்ன என்று பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். விரல் பட்ட இடத்தில் திரையின் மின்தேக்கம் சற்று மாறுகிறது. விரல் நுனியோ புள்ளி அல்ல, பக்கத்து எழுத்துகளையும் சேர்த்து மூடும் அகலம் கொண்டது. அந்தப் பரப்பின் நடுவைக் கணக்கிட்டு, இவர் தொட நினைத்தது எதுவாக இருக்கும் என்று மென்பொருள் ஊகிக்கிறது. முதல் ஐபோன் தயாரானபோது ஆப்பிள் பொறியாளர்களை மிகவும் மிரட்டிய பகுதி இதுதான். 2005இல் ஒரு கட்டத்தில், செய்துகொண்டிருந்த வேலைகளை எல்லாம் நிறுத்திவிட்டு எல்லோரும் கீபோர்டு ஒன்றையே செய்து பாருங்கள் என்று குழுவுக்கு உத்தரவு வந்தது. அந்தப் போட்டியில் வென்ற கென் கோசியெண்டா, பிறகு அந்த அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினார். அவர்கள் கண்ட தீர்வு அகராதி. ஆங்கிலத்தில் ‘டி’ அடித்த பிறகு ‘எச்’ வர வாய்ப்பு அதிகம் என்றால், கண்ணுக்குத் தெரியாமல் ‘எச்’சின் தொடுபரப்பு பெரிதாகிவிடும். தவறி அடித்தாலும் சொல் முடிந்ததும் பக்கத்தில் உள்ள சரியான சொல்லாக மாறிவிடும். அற்புதமான பொறியியல் அது, ஐயமில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் விரல் செய்வது விண்ணப்பம் மட்டுமே. எந்த எழுத்து விழும் என்ற தீர்ப்பு வேறிடத்தில் எழுதப்படுகிறது.

பொத்தானில் இந்த நடுவர் இல்லை. அழுத்தினால் உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு கவிகை மடங்கி, ஒரு ‘டிக்’ விரலில் ஏறுகிறது. அந்த எழுத்து விழுந்தாயிற்று. ரிம் என்று அழைக்கப்பட்ட கனடாவின் ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் இந்த ‘டிக்’கைச் செதுக்குவதில் பல ஆண்டுகள் செலவிட்டது. 1999இல் வந்த அவர்களுடைய முதல் பிளாக்பெர்ரி வெறும் பேஜர்தான். சின்னச் சின்ன முத்துகளாய்க் கூடியிருந்த அதன் பொத்தான்கள் ஒரு பழத்தை நினைவூட்டியதால் அந்தப் பெயர் வந்தது. பின்னாளில் வந்த போல்டு, கிளாசிக் மாடல்களில் ஒவ்வொரு பொத்தானும் ஒரு பக்கம் சாய்ந்து மேடாக இருக்கும். இடது கட்டைவிரலுக்கு ஒரு சாய்வு, வலதுக்கு எதிர்ச்சாய்வு. வரிசைகளுக்கு இடையே கிதாரின் குறுக்குக் கம்பி போன்ற மெல்லிய உலோகக் கோடு. எந்த வரிசையில் நிற்கிறோம் என்பதை விரல் தடவி அறியலாம், எழுதுகிறவர் கண் எழுத்திலேயே இருக்கலாம். கண்ணாடியிலோ கண் இரண்டு இடங்களுக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது: கீழே எழுத்தைத் தேட, மேலே விழுந்ததைச் சரிபார்க்க. நீண்ட கடிதம் எழுதும்போது வரும் அலுப்பில் பெரும்பங்கு இந்த ஓட்டத்தினுடையது என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் பொத்தான் பிரியர்கள் ஒரு தப்பான வாதத்தை எடுப்பதுண்டு. பொத்தானில்தான் வேகமாக அடிக்க முடியும் என்பார்கள். முன்பு அதில் உண்மை இருந்தது. 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிறிய பொத்தான் கீபோர்டில் பயிற்சி பெற்றவர்கள் 20 நிமிடங்கள் கொண்ட 20 அமர்வுகளின் முடிவில் நிமிடத்துக்குச் சராசரியாக 60 சொற்களைத் தொட்டார்கள். ஆனால் கண்ணாடி நின்ற இடத்தில் நிற்கவில்லை. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகமும் கேம்பிரிட்ஜும் சூரிச்சின் ஈடிஹெச்சும் சேர்ந்து 37,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2019இல் வந்தது. தொடுதிரையில் இரண்டு கட்டைவிரலால் அடிப்பவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 38 சொற்கள். கணினிக் கீபோர்டில் அது 52 சொற்களுக்கு அருகில் இருப்பதாக அதற்கு முந்தைய ஆய்வு சொன்னது. வித்தியாசம் கால் பங்குதான், அதுவும் சுருங்கி வருகிறது. 10 முதல் 19 வயதுப் பிள்ளைகள் பெற்றோர் தலைமுறையைவிட நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 சொற்கள் கூடுதலாக அடிக்கிறார்கள். எனவே வேகத்தை மட்டும் காட்டி வழக்காடினால் பொத்தானின் பக்கம் நாளுக்கு நாள் வலுவிழக்கும். பார்க்காமலே அடிக்கலாம் என்ற பெருமையையும் கொஞ்சம் அடக்கிச் சொல்ல வேண்டும்: கீபோர்டையும் திரையையும் மறைத்துச் சோதித்தபோது, தேர்ந்தவர்களுக்குக்கூட வேகமும் துல்லியமும் இறங்கின. ஆல்டோ ஆய்வில் இன்னொரு சேதியும் இருக்கிறது. தானாகத் திருத்தும் வசதி வேகத்தைக் கூட்டியது. மேலே சொற்களை நீட்டி ‘இதுவா, அதுவா’ என்று கேட்கும் வசதியைப் பயன்படுத்தியவர்களோ மெதுவாகவே அடித்தார்கள். நீட்டப்பட்ட சொல்லைப் படித்து, ஏற்பதா விடுவதா என்று முடிவு செய்வதில் மிச்சப்படுத்திய நேரம் போய்விடுகிறது. ஊகத்தோடு ஒத்துழைப்பதும் ஒரு வேலைதான்.

விரலுக்கு விடை தேவைப்படும் இடம் போன் மட்டுமல்ல. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெயின் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். கப்பலின் வேகத்தையும் திசையையும் தொடுதிரையில் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டில், எந்தக் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறது என்பதே குழப்பமாகியிருந்தது. பயிற்சிக் குறைவும் காரணம், திரையின் வடிவமைப்பும் காரணம். 2019இல் அமெரிக்கக் கடற்படை, அந்த வகைக் கப்பல்களுக்குக் கையால் தள்ளும் நெம்புகோலையே திரும்பப் பொருத்துவதாக அறிவித்தது. கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பும் 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்கிறது. வாட்ஸ்அப் செய்தியில் எழுத்துப்பிழை விழுந்தால் யாரும் சாகப்போவதில்லை, அந்த ஒப்பீட்டை அதற்கு மேல் இழுக்கக் கூடாது. ஆனால் தொட்டுணர்வு வெறும் ஆசை அல்ல, அது தகவல் என்பது இந்த முடிவுகளிலிருந்து தெளிவாகிறது.

பொத்தானுக்கு எதிரான வாதங்களில் எனக்கு மிகவும் கனமாகப் படுவது வேறு. 2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், அன்றைய போன்களின் படங்களைக் காட்டி, குறை அவற்றின் கீழ் 40 விழுக்காட்டில் இருக்கிறது என்றார். பிளாஸ்டிக்கில் பதிந்த பொத்தான் தேவைக்கேற்ப மாறாது என்பது அவர் வாதம். அவர் மனத்தில் இருந்தவை செயலிகள். மொழிகளுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும். தமிழ் 99 விசைப்பலகையில் 12 உயிர், 18 மெய், ஆய்தம் என்று 31 எழுத்துகளுக்கு இடம் வேண்டும், கிரந்த எழுத்துகள் தனி. பிளாக்பெர்ரி வகைக் கீபோர்டில் எழுத்துக்கென்று இருப்பவை 26 பொத்தான்கள், அவற்றின் மேல் அச்சாகியிருப்பது ஆங்கிலம். 2005இல் முத்து நெடுமாறனின் செல்லினம் என்ற மென்பொருள் எண் பொத்தான் போன்களிலேயே தமிழை எழுத வைத்தது. ஆனாலும் தமிழ் போனில் தாராளமாகப் பரவியது கண்ணாடி வந்த பிறகுதான். சிறிய மொழிகளுக்காக எந்த நிறுவனமும் தனி அச்சு வார்க்காது, மென்பொருளாக எழுதித் தர ஓர் ஆள் போதும். இதை மறைத்துப் பொத்தானைப் புகழ்வது நேர்மையாகாது. அதே நேரம், தமிழர்களில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் என்பதும் உண்மை. ஊகிக்கும் கண்ணாடி அவர்களிடம்தான் அதிகம் தடுமாறுகிறது. வட்டார வழக்கும் ஊர்ப் பெயரும் தாத்தா பாட்டியின் பெயரும் அகராதிக்குத் தெரியாது. தெரியாததை எல்லாம் பிழை என்று எடுத்துக்கொண்டு ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லைத் திணிக்கிறது. திருத்தத்தை அணைத்துவிடலாம், ஆனால் அணைத்த பிறகு மிஞ்சுவது ஊன்றுகோல் இல்லாத கண்ணாடி. பொத்தான் அகராதி பார்ப்பதில்லை. அடித்ததை அப்படியே வைக்கிறது.

நல்லது என்றால் ஏன் அழிந்தது என்ற கேள்வியும் வரும். மக்கள் பெரிய திரையை விரும்பினார்கள், வீடியோ பார்க்க அதுதான் வசதி. ஒவ்வொரு நாட்டுக்கும் தனி அச்சுள்ள கீபோர்டு செய்வதைவிட ஒரே கண்ணாடிப் பலகையை உலகெங்கும் விற்பது மலிவு. நகரும் பாகம் குறைந்தால் பழுதும் குறைவு. இவை எல்லாம் சரியான காரணங்கள். ஆனால் பெரும்பாலோர் ஒன்றை விட்டார்கள் என்பதால் அது யாருக்குமே தேவையில்லை என்று ஆகாது. போனில் பார்ப்பவர்களும் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். கண்ணாடி பார்ப்பவருக்காக வரையப்பட்டது, எழுதுபவர் அதற்குள் தன்னைப் பொருத்திக்கொள்கிறார். அவர் ஒரு பதில் எழுத ஆரம்பித்ததும் திரையின் கீழ்ப்பாதியைக் கீபோர்டு விழுங்கிவிடுகிறது. எந்தச் செய்திக்குப் பதில் எழுதுகிறாரோ அதுவே மேலே ஏறி மறைந்துவிடுகிறது. கிளிக்ஸ் உறை போனைத் தொலைக்காட்சி ரிமோட்போல நீளமாக்கிவிடுகிறது, சட்டைப்பையில் அடங்காது, அழகு என்றும் சொல்ல முடியாது. அதைச் செருகியதும் திரைக் கீபோர்டு விலகி, வந்த கடிதமும் எழுதும் பதிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக முழுசாகத் தெரிகின்றன.