ஆப்பிள் சின்னம் வரும், அப்புறம் இருட்டு: ஏன்?

மயிலாடுதுறையில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர் ஒருவர், சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கித் தானே கோத்த கணினியில் மேக் ஓஎஸ் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதுதான் ஹேக்கின்டாஷ். (ஆப்பிளின் உரிமம் இதை அனுமதிப்பதில்லை.) ஆப்பிள் சின்னம் தெரியும், கோடு பாதி ஓடும், திரை கறுத்துவிடும்.

பெரும்பாலும் கணினி செத்திருக்காது. தொடக்கத்தில் படம் வருவது கணினியின் தொடக்க மென்பொருளான யுஇஎஃப்ஐ தயார்செய்த திரை வழியாக. பாதியில் மேக் ஓஎஸ்ஸின் கிராபிக்ஸ் டிரைவர் பொறுப்பேற்கிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம் உண்மையான மேக்கில் எந்த சாக்கெட் எங்கே என்பதுதான். உங்கள் மானிட்டர் வேறு சாக்கெட்டில் இருந்தால், படம் ஆளில்லாத வாசலுக்குப் போய்விடும். முதலில் கேபிளை மாற்றிச் செருகுங்கள். பிறகு, மேக் ஓஎஸ்ஸைத் துவக்கித் தரும் ஓப்பன்கோரின் அமைப்பில், எந்த சாக்கெட் எங்கே என்று டிரைவருக்குச் சொல்லும் ஃபிரேம்பஃபர் எண்ணைத் திருத்துங்கள்.

டிரைவரே இல்லாவிட்டால் நோய் வேறு: படம் வரும், ஆனால் ஜன்னல்கள் இழுத்து இழுத்து நகரும். ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் அட்டைக்கு 2017-இன் மேக் ஓஎஸ் பதிப்பான ஹை சியராவோடு கதை முடிந்தது. 2018-இன் மொஹாவிக்கு டிரைவர் வரவேயில்லை. மறுநிறுவிப் பயனில்லை, அட்டையை மாற்ற வேண்டியதுதான்.

சின்னத்திலேயே உறைந்தால், ஒவ்வொரு படியையும் எழுத்தாகக் காட்டும் வெர்போஸ் முறையில் துவக்குங்கள். கடைசியாக ஓடிய வரிகளில் துப்பு இருக்கும். சோதனையை எப்போதும் பென் டிரைவிலிருந்தே செய்யுங்கள். இந்த வழியும் நீளாது: இன்டெல் சிப்புகளுக்கு 2025-இன் டஹோவே மேக் ஓஎஸ்ஸின் கடைசிப் பதிப்பு.