தடித்த சுவர், சிறு சன்னல்: ஏன்?

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில், வேல்ஸ் எல்லைக்கு அருகிலுள்ள கில்பெக் கிராமத்துப் பங்கு ஆலயம் 1140 வாக்கில் ரோமனெஸ்க் பாணியில் எழுந்தது. செம்மணற்கல் சுவர்கள் தடிமனானவை; சன்னல்களோ ஒடுங்கியவை. கல் வளைகூரையின் பாரத்தைத் தாங்கவே இப்படி என்று பொதுவாகச் சொல்வார்கள். பேராலயங்களுக்கு அது பொருந்தலாம். கில்பெக்கில் கல் வளைகூரை இருப்பது கிழக்குக் கோடியின் அரைவட்டப் பகுதியில் மட்டும்தான். மக்கள் கூடும் நீள்கூடத்துக்கு மரக்கூரையே போதுமானதாக இருந்தது. அப்படியானால் அங்கே ஏன் தடித்த சுவர்?

காரணம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. அக்காலச் சுவர் முழுக்கச் செதுக்கிய கல் அல்ல. இரு முகங்களிலும் கல்லடுக்கு, நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் இறுகும். உள்ளே போகப் போக அது மெதுவாகவே நடக்கும். அதுவரை சுவரை நிறுத்துவது அதன் எடையும் அகலமுமே. மரக்கூரை இலேசானதுதானே என்று கேட்கலாம். ஆனால் சாய்ந்த கைமரங்களும் சுவரை வெளிப்பக்கம் தள்ளும். சன்னலை அகலமாகத் திறந்தால் அந்தச் சுவரே பலவீனப்படும். கண்ணாடியும் அன்று விலை உயர்ந்தது. அதனால் வெளியே ஒடுக்கமாகவும் உள்ளே அகன்றும் சன்னல் வெட்டினார்கள். சரிந்த பக்கச் சுவர்களில் பட்டு ஒளி உள்ளே பரவும். கெட்டிக்கார ஏற்பாடு!

இந்தக் கனத்த சுவர்களின் உச்சியில், கூரையின் விளிம்புக்குக் கீழே வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் தாங்குகற்களில்தான் சிற்பியின் குறும்பு. நாயும் முயலும் அருகருகே, விழித்த கண்களோடு, கேலிச்சித்திரம் போலவே இருக்கின்றன.