கரையைச் சுற்றி ஓடலாம், தண்ணீரில் இறங்கக்கூடாது!

பெங்களூருவின் ஐ.டி. வளாக கேன்டீன்களில் வீட்டுக்கடன் வட்டிக்கு அடுத்தபடியாக அடிபடும் எண் 70.3. இது மைல் கணக்கு. நம் கணக்கில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். மொத்தம் 113 கிலோமீட்டரை எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 2019 அக்டோபரில் கோவாவின் மிராமார் கடற்கரைக்கு அயர்ன்மேன் 70.3 என்ற இந்த டிரையத்லான் போட்டி வந்து சேர்ந்தது. கொரோனாவில் இரண்டு வருடம் படுத்து, 2022-ல் எழுந்தது. 2024-ல் பெங்களூருவின் மக்களவை உறுப்பினர் ஒருவரே இதை முடித்துவிட்டு வந்தார். அதன்பிறகு கேட்கவே வேண்டாம்.

முடித்தவர்களின் கதை வேண்டிய மட்டும் வந்துவிட்டது. எனக்கு முடிக்காதவர்களிடம்தான் வேலை.

அவர்களில் ஒருவர், பெங்களூருவின் ஹலசூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நாற்பதை நெருங்கும் வயது, மென்பொருள் வேலை. "பேர் போடாதீங்க சார், ஆபீஸ்ல ஒருத்தர் விடாம சொல்லிட்டுப் போனேன்" என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். நீச்சல் குளத்தில் தொடங்கும் உள்ளூர்ப் போட்டிகளில் ஒலிம்பிக் தூரத்தை, அதாவது 1.5, 40, 10 கிலோமீட்டரை, சிரமமில்லாமல் முடித்தவர். அந்தத் தெம்பில் கோவாவுக்குப் பணம் கட்டினார். 1.9 கிலோமீட்டரைக் குளத்தில் 52 நிமிடத்தில் நீந்துவார். போட்டியில் நீச்சலுக்குக் கொடுக்கும் நேரம் 70 நிமிடம். பயம் எதற்கு?

கடலில் அவருக்கு 74 நிமிடம் ஆனது. கரையேறியதும் தன்னார்வலர் ஒருவர் குனிந்து கணுக்காலில் கட்டியிருந்த டைமிங் சிப்பைக் கழற்றிக்கொண்டார். அவ்வளவுதான் போட்டி. "ஓட்டத்துல கால் பிடிச்சு உக்காந்திருந்தாகூட ஒரு கௌரவம் இருக்கும் சார். நான் சைக்கிளைத் தொடவே இல்லை. கார் மேல கட்டி ராத்திரியெல்லாம் ஓட்டிட்டுப் போனது, டயர்ல மண்ணு ஒட்டாம அப்படியே திரும்பி வந்துது."

ஐம்பது மீட்டர் குளத்தில் 1.9 கிலோமீட்டர் என்றால் 38 முறை சுவர் வரும். ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்தால் சில மீட்டர் இலவசம். கூடவே ஒரு நொடி ஓய்வு. அடியில் கறுப்புக் கோடு வழி காட்டும். இரண்டு பக்கமும் கட்டிய கயிறு, பக்கத்துத் தடத்துக்காரர் கிளப்பும் அலையை விழுங்கிக்கொள்ளும். இதையெல்லாம் எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது கடல்.

அங்கே திசை தெரிய வேண்டுமானால் நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மிதவையைத் தேட வேண்டும். தலை மேலே போனால் இடுப்பு கீழே இறங்கும், வேகம் செத்துப்போகும். தேடாமல் நீந்தினால் நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். இவருடைய கைக்கடிகாரம் கடைசியில் காட்டிய தூரம் 2.2 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. ஐரோப்பாவின் குளிர்ந்த ஏரிகளில் போட்டி போடுகிறவர்களுக்கு வெட்சூட் என்ற ரப்பர் உடை உண்டு. அது உடம்பைத் தூக்கி நிறுத்தும். அக்டோபரில் கோவாக் கடல் 30 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது; அந்தச் சூட்டில் விதி வெட்சூட்டை அனுமதிக்காது. உப்புநீர் கொடுக்கும் மிதப்பு மட்டும்தான் ஆறுதல்.

இதற்கெல்லாம் முன்னால் மூச்சு. சுற்றிலும் முழங்கை, குதிகால். கீழே பார்த்தால் கலங்கல். "முதல் இருநூறு மீட்டர்ல மூச்சு விடறதே மறந்துபோச்சு. மல்லாந்து படுத்துட்டேன். படகுல இருந்த பையன் 'மேடம், ஓகேவா?'ன்னான். ஓகேன்னு பொய் சொன்னேன்." அங்கே போன நிமிடங்கள் திரும்பி வரவில்லை.

நீச்சலில் தப்பியவர்களுக்கு வெயில் காத்திருக்கிறது. 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் பெங்களூரு. இருபது டிகிரி விடியற்காலையில் நந்தி மலைச் சாலையில் மிதித்துப் பழகிய உடம்பு, வேர்வை காயாத கடற்கரைப் புழுக்கத்தில் ஓட்டத்தின் பாதியில் நடக்க ஆரம்பித்துவிடுகிறது. புழுக்கத்துக்குப் பழக பத்துப் பதினான்கு நாள் வேண்டும். அத்தனை நாள் யார் லீவு கொடுப்பார்கள்?

பயிற்சியாளர் ஒருவரிடம் கேட்டேன். "நாலு வாரக் கடைசி மங்களூரு கடலுக்குப் போயிருந்தா போதும். ஊரைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார். சரிதான். ஆனால் எனக்கு ஊரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பெண்ணின் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் ஹலசூர் ஏரி தெரிகிறது. அவர் பயிற்சி எடுத்த மாநகராட்சி நீச்சல் குளம் ஏரிக்கரையை ஒட்டித்தான் இருக்கிறது. ஒரு பக்கம் ஏக்கர் கணக்கில் தண்ணீர். இந்தப் பக்கம் குளோரின் வாடையில், தடத்துக்கு ஆறு பேராக நெருக்கியடித்து நீந்துகிறார்கள். ஏரியில் இறங்கலாமே என்று யாரும் கனவில்கூடக் கேட்பதில்லை. 2016 மார்ச்சில் அந்த ஏரியில் மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்து மிதந்ததை அந்தப் பேட்டைக்காரர்கள் மறக்கவில்லை.

வற்றாத ஆறு எதுவும் ஓடாத ஊர் பெங்களூரு. காவிரி நீரைக்கூட நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். அதனால்தான் அந்தக் காலத்தவர்கள் ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குப் பாயும்படி சங்கிலியாக ஏரிகளை வெட்டி வைத்தார்கள். சங்கிலியின் கண்ணிகள் இன்று எங்கே? தர்மாம்புதி ஏரி, மெஜஸ்டிக் பஸ் நிலையம். சம்பங்கி ஏரி, கண்டீரவா ஸ்டேடியம். சூளை ஏரி கால்பந்து மைதானமாகிவிட்டது, அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி மைதானமாகிவிட்டது. சல்லகட்டா ஏரியில் கோல்ஃப் ஆடுகிறார்கள். 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்கு வந்த வீரர்கள் தங்கிய கோரமங்களா குடியிருப்பு, ஷினிவாகிலு ஏரியின் மேல் எழுந்தது. தடகளம், கால்பந்து, ஹாக்கி, கோல்ஃப் என்று எல்லா விளையாட்டுக்கும் ஏரி இடம் கொடுத்தது, நீச்சலைத் தவிர! (சென்னைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோட்டில் நின்று ஏரியைத் தேடிப் பாருங்கள்.)

மிஞ்சியவற்றில் மிகப் பெரியது பெல்லந்தூர். அதில் சோப்பு நுரை மலைபோல் எழுந்து ரோட்டுக்கு வந்ததையும், 2015-லும் 2017-லும் 2018-லும் தீப்பிடித்து எரிந்ததையும் உலகமே படம்பிடித்தது. தூர்வாரிச் சீர்செய்த ஏரிகளும் இல்லாமல் இல்லை. அங்கே வேலி இருக்கிறது, நடைபாதை இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, இறங்காதே என்ற பலகையும் இருக்கிறது. சுற்றி ஓடலாம், சில இடங்களில் சைக்கிளும் விடலாம். டிரையத்லானின் மூன்றில் இரண்டு கரையோடு நின்றுவிடுகிறது.

சேறும் பாசியும் ஆளை இழுத்துவிடும், பலகை வைக்காமல் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயம்தான். ஆனால் பாரிஸைப் பாருங்கள். 1923-லிருந்து சென் நதியில் குளிக்கத் தடை. 2024 ஒலிம்பிக் டிரையத்லானை அதே நதியில் நடத்துவதென்று முடிவெடுத்து, ஏறக்குறைய 140 கோடி யூரோ செலவில் சாக்கடையைத் தடுத்தார்கள். அப்படியும் மழை பெய்து அழுக்கு கலந்ததில், ஜூலை 30-ம் தேதி நடக்கவேண்டிய ஆண்கள் போட்டி மறுநாளைக்குத் தள்ளிப்போனது. உலகமே கேலி செய்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அதே நதியில் மூன்று இடங்களைப் பொதுமக்கள் குளிக்கத் திறந்துவிட்டார்கள். நூறு வருடத் தடையை உடைக்க அங்கே ஒரு விளையாட்டு சாக்காக இருந்தது. வருடா வருடம் கோவாவுக்கு சைக்கிளைக் கட்டிக்கொண்டு ஓடும் பெங்களூருக்காரர்கள், ஒரே ஒரு ஏரியை, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், பாதுகாப்புப் படகோடும் தண்ணீர்ப் பரிசோதனை முடிவோடும் திறந்துவிடும்படி கேட்டால் என்ன? போட்டி நுழைவுக்கும் கார்பன் சைக்கிளுக்கும் லட்சங்களை எடுத்து வைக்கிற கூட்டம் இது. குரல் கொடுத்தால் கேட்காத காதும் கேட்கும்.

ஹலசூர்ப் பெண் அதுவரை காத்திருப்பதாக இல்லை. சனி இரவு பஸ் ஏறி சென்னையில் சித்தி வீட்டில் இறங்குகிறார். விடிந்ததும் கோவளத்தில் ஒரு பயிற்சியாளரோடு கடல், மாலை ரயிலில் ஊர். முதல் முறை போனபோது அலை பெரிதென்று அவரை இறங்கவே விடவில்லை. இரண்டாம் முறை 66 நிமிடத்தில் நீந்தி முடித்திருக்கிறார். நான்கு நிமிடம்தான் கையில் இருக்கிறது, கோவாவுக்கு அது போதுமா என்றேன்.

"போதாது சார். அடுத்த வாரமும் டிக்கெட் போட்டிருக்கேன்."