ஒன்பதாவதில் ஏன் நின்றான்?

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்யும் அம்மா ஒருவர் ஒரு மாலை மஞ்சள் பையோடு வாசலில் வந்து நின்றார். பதினாறு வயது மகனை, செல்போன் பறித்ததாகச் சொல்லிப் பிடித்துப் போயிருக்கிறார்கள். பைக்குள் ரேஷன் கார்டு, ஆதார், மடிப்பில் கிழிந்த டி.சி.

"ஆதார் பத்தாதா சார்?"

பத்தாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015 வயதுக்குக் கேட்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அவை இல்லையென்றால் மாநகராட்சியின் பிறப்புச் சான்று. அதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. டி.சி. இந்தக் கணக்கில் சேராது என்று 2023-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பையன் ஒன்பதாவதோடு நின்றவன், பத்தாவது சான்றிதழுக்கு வழியில்லை. மறுநாள் காலை மாநகராட்சி அலுவலகத்துக்கு அலைந்தோம்.

பதினெட்டு நிறையாதவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அங்கே இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண். ஜாமீன் தருவதுதான் விதி, அதற்கு ஜாமீன்தாரர்கூடக் கட்டாயமில்லை. வெளியே விட்டால் ரவுடிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து என்பது போன்ற காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். மூன்றாண்டு வரை தண்டனையுள்ளவை சிறு குற்றங்கள். அடிதடி, மிரட்டல் இல்லாத வெறும் பறிப்பும் இதில் வரும். நான்கு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும்; நீட்டித்த இரண்டு மாதத்திலும் முடியாவிட்டால் நடவடிக்கையே முடிந்துபோகும். இதையெல்லாம் பேச வக்கீலுக்குக் கடன் வாங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு என்று பாராமல் எந்தக் குழந்தைக்கும் சட்ட உதவி இலவசம், 15100-க்குக் கூப்பிடலாம்.

நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். அதற்கென மத்திய அரசின் மாதிரி விதிகளில் ஒரு படிவம் இருக்கிறது. அரசுப் படிவங்களை மெச்சும் பழக்கம் எனக்கில்லை, ஆனால் இதை எழுதியவர் பிள்ளைகளை அறிந்தவர். வீட்டில் யார் குடிப்பார்கள், நண்பர்களின் வயதென்ன, பெரியவர்களோ கும்பலோ இவனைப் பயன்படுத்தினார்களா என்று கேட்கிறது. பள்ளியை விட்டதற்கு மட்டும் ஒரு நீண்ட பட்டியல்: பரீட்சையில் தோல்வி, ஆசிரியர் கண்டுகொள்ளாமை, சம்பாதிக்க வேண்டிய கட்டாயம், பெற்றோர் மரணம், அடி, அவமானம், பயிற்றுமொழி. "புள்ள கெட்டுப் போச்சு" என்று நாம் ஒரே வரியில் முடிப்பதை அது கிளை கிளையாகப் பிரிக்கிறது.

அம்மா விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவார். அப்பா இல்லை. பள்ளி இல்லாத பகல் மிக நீளம். காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்கினால் கொஞ்சம் காசு. சத்திரம் பேருந்து நிலையத்தின் டீக்கடையில் ஒரு "அண்ணன்" வருவார். முதல் வாரம் பரோட்டா, அடுத்த வாரம் ஓட்டிப் பார்க்க பைக், அப்புறம் ஒரு பொட்டலத்தை "அங்க குடுத்துட்டு வா". மாட்டினால் சின்னப் பையன், சீக்கிரம் வெளியே வந்துவிடுவான் என்பது அண்ணனின் கணக்கு.

அந்தக் கணக்கைச் சட்டம் அறியும். சிறாருக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுத்தாலும், அதை விற்க, கடத்த அவர்களைப் பயன்படுத்தினாலும் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். பாரதிய நியாய சன்ஹிதா 95-ஆம் பிரிவின்படி, குற்றம் செய்யக் குழந்தையை அமர்த்தினால் குறைந்தது மூன்றாண்டு சிறை. பைக் கொடுத்தவரும் தப்ப முடியாது: சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஆகவே அண்ணனின் பேரைச் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது. பையனுக்கு அதுதான் கவசம். அதைக் குழுமத்தின் முன்னும் நன்னடத்தை அலுவலரிடமும் சொல்ல வேண்டும்.

பையன்கள் இப்படி அண்ணன்களிடம் போகாமல் பார்த்துக்கொள்வதில் இந்த ஊருக்கு முன்அனுபவம் உண்டு. 1999-இல் திருச்சி மாநகரக் காவல் ஆணையராக வந்த ஜே.கே. திரிபாதி, காவலர்களைப் பகுதி பிரித்து நிரந்தரமாகப் போட்டார், புகார்ப் பெட்டிகள் வைத்தார், குடிசைப் பகுதிகளைத் தத்தெடுக்கச் செய்தார். தெருவிலுள்ள பையன்களைக் காவலருக்குப் பெயர் சொல்லித் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஜாமீன் கிடைக்காத சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனால் திருந்திவிடுவான் என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று. 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் இறந்தான், ஊழியர்கள் கைதானார்கள். அதையடுத்து இல்லங்களை ஆராய அரசு நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு, ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்தான். உள்ளே அடி விழுந்தாலும், வெளியே ஒரு பிள்ளை தவித்தாலும் 1098-ஐ அழைக்கலாம்.

தெருவின் வாட்ஸப் குழுவில் யாரோ பையனின் படத்தைப் போட்டிருந்தார்கள். அடையாளத்தை வெளியிடுவது ஆறு மாதம் வரை சிறைக்கோ இரண்டு லட்சம் வரை அபராதத்துக்கோ உரிய குற்றம் என்றதும் நீக்கினார்கள். ஏற்கெனவே பலர் பார்த்தாயிற்று.

நன்னடத்தை அலுவலர் வந்தபோது நானும் இருந்தேன். பள்ளியை விட்ட காரணங்களை அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். பையன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்து, அவமானம் என்ற இடத்தில் நிமிர்ந்தான்.

"முடி வெட்டிட்டு வான்னு வெளிய நிறுத்துனாங்க சார். வெட்டக் காசில்ல. மூணு நாள் நின்னேன். அப்புறம் போகல."

அந்த அம்மா அவனையே பார்த்தார். இரண்டு வருஷமாக அவருக்கும் இது தெரியாது.