பதற்றமா இருக்கா? எலியாவுக்கு முதலில் கிடைச்சது தூக்கமும் அடையும்தான்!

'விசுவாசம் இருந்தா பயம் வராது'ன்னு யாரோ சொன்னதைக் கேட்டு, உங்க மேலயே உங்களுக்குக் கோபம் வந்திருக்கா? அப்படின்னா, பைபிளில் 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தைப் படிச்சுப் பாருங்க. யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, இனி வாழவே வேண்டாம் என்று முறையிட்டார். கடவுள் அவரைத் திட்டவில்லை, தூங்கவிட்டார். தேவதூதன் தட்டி எழுப்பினான். தலைமாட்டில் அடையும் தண்ணீரும் இருந்தன. மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. அதன்பிறகுதான் ஓரேப் மலைக்கு 40 நாள் பயணம்.

அதனால ஜெபம் பண்ணுங்க. கூடவே சாப்பிடுங்க, தூங்குங்க. பதற்றம் வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பாருங்க. சாகலாம்னு தோணினா உடனே 14416-க்கு போன் பண்ணுங்க. மத்திய அரசின் 'டெலி மனாஸ்' சேவை இது. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். மாத்திரை சாப்பிடுறது விசுவாசக் குறைவு இல்லை!