தையலால் குறுகும் நாடி

உடலெங்கும் உலாவிப் பிராணவாயுவை இழந்த இரத்தம், இருதயத்தின் வலப்பாகத்தை அடைந்து, நுரையீரல் நாடி வழியே சென்று, மீண்டும் அவ்வாயுவைப் பெறுகின்றது. இவ்வழி பிறவியிலேயே குறுகியிருக்குமாயின் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். நாலடி நடக்குமுன் மூச்சுத் திணறும். 1888-ம் ஆண்டில் பாலோ என்னும் பிரெஞ்சு வைத்தியர் விரித்துரைத்த நான்கு குறைகள் கூடிய இருதய நோய் இத்தகையது.

நெடுங்காலம் இதற்குப் பரிகாரம் இல்லை. 1944 நவம்பர் 29-ல், அமெரிக்காவிலுள்ள பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹெலன் டாசிக் அம்மையாரின் யோசனையை ஏற்று, ஆல்பிரெட் பிளாலக் என்பார் கைக்குச் செல்லும் நாடியொன்றை வெட்டி நுரையீரல் நாடியோடு இணைத்துத் தைத்தார். நாய்களிடத்தே அத்தையலை முன்னரே பயின்று, அன்று அவர் பின்னே நின்று வழி கூறியவர் விவியன் தாமஸ் என்னும் கறுப்பினத்தவர். கல்லூரிக் கல்வி அவருக்கு வாய்த்திலது. இம்முறையின் பெயரில் நெடுங்காலம் அவர் பெயர் சேராதிருந்தமை எனக்குப் பெருங் குறையாகவே தோன்றுகின்றது.

உயிர் காத்த அத்தையலே பின்னர் ஒரு தொல்லைக்கு வித்தாயிற்று. தைத்த இடத்தில் தழும்பு இறுகும். இக்காலத்தில் இணைப்பிற்குச் செயற்கைக் குழல் வைப்பர். குழந்தை வளர, வளராத அக்குழல் நாடியை இழுத்து மடக்கும். 1962-ல் வாட்டர்ஸ்டன் வகுத்த முறையிலோ பெருநாடியையே வல நுரையீரல் நாடியோடு சேர்த்தனர். அங்கும் இம்மடிப்பு நேர்ந்தது. குறுக்கத்தைச் சிறிதென்று எண்ணற்க. மெல்லிய நேர்குழாயின் விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் பாயும் நீர் பாதியன்று. 16-ல் ஒரு பங்கே! இரத்தக்குழாய் அத்துணை நேரிதன்றாயினும் போக்கு அதுவே. ஒரு நுரையீரல் இரத்தமின்றி வாட, மற்றது மிகையாய் ஏற்கும். இருதயத்தின் வலப்பக்கம் தடையை எதிர்த்து உந்தி உந்தித் தடிக்கும்.

ஆகவே, பிறவிக் குறை முழுவதையும் சீர்செய்யும் பிந்திய சிகிச்சையில் இக்குறுக்கத்தையும் நீக்குதல் வேண்டும். குறுகிய இடத்திற்கு அப்பாலும் இப்பாலும் நல்ல பகுதி எட்டுமளவும் நாடியின் முன்சுவரை நீளவாட்டிற் கீறுவர். இருதயத்தைச் சூழ்ந்த உறையினின்று ஒரு துண்டு எடுத்து, இறுகிய சட்டையைத் தையற்காரன் இடைத்துண்டு வைத்து அகலமாக்குமாறு, அதனை அங்கே வைத்துத் தைப்பர். அத்துண்டு வளராது, தொடாது விட்ட பின்சுவரோ குழந்தையோடு வளரும். நாடியை முற்றும் அறுத்து வேறு குழல் பொருத்துவதினும் இது சிறந்தமைக்குக் காரணம் இதுவே.

கத்தி எட்டாத உட்கிளைகளுக்கு வேறு வழி உண்டு. தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை விரித்துக் குறுக்கத்தை அகற்றுவர். மீண்டும் சுருங்காதிருக்கக் கம்பிவலைக் குழல் ஒன்றை அங்கே நிறுத்துவதும் உண்டு. அவ்வலையும் வளராது. ஆதலின் குழந்தை வளருந்தோறும் மறுபடி பலூனைச் செலுத்தி அதனை விரிக்க வேண்டியிருக்கின்றது.